கூலியில்லாத் தீம்பாரு

வாங்க மொதலாளி. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, ராத்திரி ஷிப்டா? ஒங்கம்மா என்னடான்னா ‘பையன் வேலைவெட்டி இல்லாம கெடக்கான்’னு என்கிட்ட வந்து பொலம்புறா. சும்மா இரு புள்ள, அவன் ரெண்டு ஆளு வேலை செய்யறான்னு சொல்லி அனுப்பிட்டேன். கதவிடுக்குல நின்னு பாத்தவன்டா நான். ஆட்டத்துல ஒரே குகைக்குள்ள போறே, ஒரே பிசாசை அடிக்கிறே, வெளிய வந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் அதே குகைக்குள்ள போறே. பிசாசுக்கே சலிச்சுப்போயிருக்கும், ஒனக்குச் சலிக்கல.

வெக்கப்படாதே. மலாக்காக்காரனுக்கு இது பரம்பரைத் தொழிலு. மலாயாவுலயே வியாபாரத்துக்குன்னு மொதமொதல்ல ரப்பர் நட்டது நம்ம புக்கிட் லிந்தாங்லதான். 1896-ல டான் சாய் யான்னு ஒரு சீனத் தவுக்கே நட்டாரு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யறதை நீங்க கிரைண்டுங்கிறீங்களே, அன்னைக்கு ஆரம்பிச்ச அந்தக் கிரைண்டு ஒன்னோட கட்டில் வரைக்கும் வந்திருக்கு. என்ன ஒண்ணு, எங்களுக்குத் தீம்பாருத் தோட்டத்துல கூலி குடுத்தான். நீ வெள்ளி கட்டிட்டு உள்ள போறே. கங்காணிக்குக் காசு குடுத்து வேலை கேக்குற தலைமுறைய நான் இப்பத்தான் பாக்குறேன்.

ஆனா ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா ஆட்டம் கெட்டுப்போகும்னு ஒன் கூட்டாளி சொன்னானே, அதை நான் ஒத்துக்கமாட்டேன். வெடியறதுக்கு முன்னாடி நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு நெரையில எறங்குவோம். வெயில் ஏறுனா பால் ஓட்டம் கொறைஞ்சிடும், அதான் அந்த அவசரம். நேத்து வெட்டுன கோட்டுல காஞ்சு கெடக்குற ஒட்டுப்பாலை உரிச்சுக் கூடையில போடணும். அப்புறம் கத்தியை வச்சு, எடது பக்கத்து மேட்டுலேருந்து வலது பக்கத்துப் பள்ளத்துக்கு, பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் சீவணும். ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம், முண்டு முண்டா வீங்கும். மேலாகப் போச்சுன்னா பால் வராது. பால் புடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் தொடச்சு நிமுத்தி வச்சிட்டு அடுத்த மரத்துக்கு ஓடணும். எல்லாம் ஒரே மரம், ஒரே கோடுன்னு ஒனக்குத் தோணும். வெட்டுனவனைக் கேளு, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் சொல்லுவான். கை புதுசாக் கத்துக்கிட்டே வந்தா சலிப்பு வராதுடா. கை எப்பவோ கத்துக்கிச்சு, இனிமே பொழுது மட்டும்தான் போவுதுங்கிற எடத்துலதான் கொட்டாவி வரும்.

ஒன் மாமன் இருக்கானே, இப்ப ஆயர் குரோவுல பெரிய ஆளாட்டம் டை கட்டிக்கிட்டுப் போறானே, அவன் அந்தக் காலத்துல ஜாசின்ல சைபர் கபேயே கதின்னு கெடந்தவன். ராக்னராக்னு ஒரு ஆட்டமாம். ரோஸ் கலர்ல ஒரு ஜெல்லி குதிக்கும், அதை அடிச்சா கார்டு விழும். எப்ப விழும்னு கேட்டேன். பத்தாயிரம் ஜெல்லிக்கு ஒண்ணு வாய்ப்புன்னான்! பத்தாயிரத்துல ஒண்ணுக்காக ராப்பகலா அடிச்சவன், வீட்டுல ஒரு தென்னங்கன்னுக்குத் தண்ணி ஊத்துனதில்ல. ஆனா பத்தாயிரத்துல ஒண்ணுன்னா ஒண்ணுதான், அதை எவனும் மறைக்கல. தெரிஞ்சேதான் அடிச்சான், சந்தோசமா அடிச்சான்.

அதனால கிரைண்டைத் திட்டாதே. தராசைப் பாரு.

வாளியைக் காண்டாக் கம்புல சுமந்துக்கிட்டு ஸ்டோருக்குப் போனா, கணக்கு எழுதுற கிராணி மெட்ரோலாக்னு ஒரு மெதவையைப் பாலுக்குள்ள விடுவாரு. ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு அது காட்டிக் குடுத்துடும். சில பேரு வழியில ஆத்துத் தண்ணியைக் கொஞ்சம் கலந்துக்குவாங்க. யாருன்னு கேக்காதே, செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது. மெதவை வந்ததுல எங்களுக்கு ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல, எல்லா வாளிக்கும் ஒரே மெதவைதானே. பாலை எறக்கி வச்சதுக்கு அப்புறம் கணக்கை மாத்துனாத்தான் வயிறு எரியும்.

ஒன் டயாப்லோ நாலுல நடந்ததும் அதான். 2023 ஜூன்ல கடை தொறந்தாங்க. ஜூலை 18-ஆம் தேதி ஆட்டத்தை மாத்துற பேட்சுன்னு ஒண்ணு போட்டாங்க. அடிக்கிற பலமும் கொறஞ்சுச்சு, தாங்குற பலமும் கொறஞ்சுச்சு. குகையை விட்டு வெளிய வர்ற நேரத்தை மூணு செகண்டுலேருந்து அஞ்சா ஆக்குனான் பாரு, அதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிப்போச்சு. ரெண்டு செகண்டு! தோட்டத்துத் தண்டல்கூட அவ்வளவு நுணுக்கமாக் கணக்குப் பாத்ததில்ல. அப்புறம் நீங்கள்லாம் கத்துன கத்துல, ரெண்டு மூணு நாள்ல செஞ்சவங்களே நேரலையில வந்து உக்காந்து, இனிமே இப்படியொரு பேட்சு போடமாட்டோம்னு சொன்னாங்களாம். அந்த ரெண்டு செகண்டையும் திருப்பிக் குடுத்தாங்களாம். பரவாயில்ல, கேக்குற காது இருக்கு.

நியூசிலாந்துக்காரன் பாத் ஆஃப் எக்ஸைல்னு ஒண்ணு வச்சிருக்கானே, அவன் கதை வேற. 2022 ஆகஸ்டுல கலாண்ட்ரா ஏரின்னு புதுசு விட்டான். பிசாசைக் கொன்னா விழுற பொருள் திடீர்னு வத்திப்போச்சு. பழைய சலுகை ஒண்ணை உருவிட்டான், ஆனா மாத்தத்தைப் பத்தி எழுதுன குறிப்புல அதைச் சொல்லல. ஆளுங்க மங்கு காலியா இருக்குன்னு கூச்சல் போட்டதுக்கு அப்புறம்தான் வெளக்கம் வந்துச்சு. சொல்லிட்டு அடிச்சா அது அடி. சொல்லாம அடிச்சா அதுக்கு வேற பேரு இருக்கு, ஒங்க பாட்டி பக்கத்துல இருக்கறதால சொல்லல.

இதுக்கெல்லாம் மேல ஒருத்தன் இருக்கான். மேப்பல்ஸ்டோரி தெரியுமில்ல? 2005-லேருந்து சிங்கப்பூரு, மலேசியாவுக்குன்னு தனியா நடந்துச்சே, அதோட தாய்வீடு கொரியா. அங்க நெக்ஸான் கம்பெனி காசுக்குக் கியூபுன்னு ஒண்ணு வித்தான். அதை உருட்டுனா ஆயுதத்துக்கு வரம் கெடைக்கும். ஆளுங்க ரொம்ப ஆசைப்படுற வரம் வர்ற வாய்ப்பை 2010-லேயே கொறச்சிட்டு, மூச்சு விடாம வித்துக்கிட்டே இருந்திருக்கான். 2024 ஜனவரியில அந்த நாட்டு நியாய வணிக ஆணையம் போட்ட அபராதம் சுமார் 1,160 கோடி வொன். அதே வருசம் மார்ச்சுலேருந்து இந்த மாதிரி வாய்ப்புக் கணக்கை வெளிப்படையா எழுதணும்னு அங்க சட்டமே வந்துடுச்சு. மெதவையைத் தேய்ச்சுக் கணக்கைக் கெடுக்குற கிராணிக்கு எங்க காலத்துல இப்படி ஒரு கோர்ட்டு இருந்திருந்தா, நாங்க எல்லாம் ஸ்டோர் வாசல்லயே பந்தல் போட்டு உக்காந்திருப்போம்.

ஒனக்கும் ரெண்டு குட்டு வைக்கணும். மாத்தவே கூடாதுன்னு கத்துறீங்களே, மாத்தலன்னா என்னடா ஆவும்? எந்த வித்தை, எந்த ஆயுதம்னு யூடியூப்ல ஒருத்தன் ஒரு பில்டு சொல்லுவான், ஊரே அதைப் போட்டுக்கிட்டுத் திரியும். மத்த வித்தையெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்கும். சரி, எல்லாத்தையும் அதோட சமமா ஏத்திவுடுன்னு கேப்பீங்க. தோட்டத்துலயும் ஏத்திவுட்டாங்க, எத்ரெல்னு மருந்து. பட்டையில தடவுனா பால் கொட்டும். கைய அடக்காம தடவுனா கொஞ்ச காலத்துல பட்டை செத்துப்போயிடும், எப்படி வெட்டுனாலும் சொட்டு வராது. மாசாமாசம் பலத்தை ஏத்திக்கிட்டே போற ஆட்டமும் அந்த மரம்தான். அதனால கொறைக்கிறவனை மொத்தமாத் திட்டாதே. முன்னாடியே சொன்னானா, அடுத்த சீசன்லேருந்து கொறைக்கிறானா, இல்ல நீ பாலை எறக்குனப்புறம் கொறைக்கிறானான்னு மட்டும் பாரு.

எங்களுக்கு வந்த பெரிய பேட்சைக் கேளு. ரப்பரைச் சாச்சிட்டுச் செம்பனையை நட்டான். ஆபீஸ் செவுத்துல ஒரு காயிதம், அவ்வளவுதான். முண்டு விழாம வெட்டுற கைன்னு பேரெடுத்தவனும், மரத்தைக் கோடரியால கொத்துன மாதிரி வெட்டுனவனும் மறுநாள் ஒரே வரிசையில நின்னு செம்பனைக் குலை வெட்டப் பழகுனோம். டயாப்லோக்காரன் நேரலையில வந்து பதில் சொன்னானே, அந்த மாதிரி எந்தத் தொரையும் லயத்துக்கு வந்து உக்காந்து பேசல.

கேளு, கெழவன் சொல்ற தந்திரம். ஊரே தூக்கிவச்சு ஆடுற மொத பில்டைத் தொடாதே, கத்தி அதுமேலதான் விழும். நாலாவதோ அஞ்சாவதோ, எவனும் சீண்டாத ஒண்ணைப் புடி. நான் சதுப்புக்காட்டு ஓரத்து நெரையைத்தான் கேட்டு வாங்குவேன். பால் கொஞ்சம் கொறைவு, அட்டைக்கடி அதிகம், ஆனா கங்காணி சப்பாத்து நனையும்னு அந்தப் பக்கம் வரவேமாட்டான். அங்கதான் ஒரு சுருட்டை முழுசாக் குடிக்க முடியும்.

அப்புறம், புதுச் சீசன் இந்த வெள்ளிக்கிழமை வருதாமே? எல்லாரும் மறுபடியும் பூஜ்ஜியத்துலேருந்து ஆரம்பிக்கணுமாமே? நல்லது, ஆரம்பி. ஆனா சனிக்கிழமை காலையில எனக்கு ஜாசின் பாசாருக்குப் போவணும், மோட்டாருக்கு எண்ணெய் போட்டு வச்சிடு. மாசி மகத்துக்கு சன்னாசிமலைக்கு வர்றேன்னு போன வருசம் சொன்னியே, அந்தக் கடனும் அப்படியே நிக்குது. அதுக்கெல்லாம் சீசன் கெடையாது, பூஜ்ஜியமும் ஆவாது.