நாப்பத்திமூணு நெசம்

ஏலே, வா. செருப்பை அங்கன விட்டுட்டுத் திண்ணையில உக்காரு. பெங்களூர்ல இருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ல வந்தவன் ஆச்சிக்கு ஒரு சேலை வாங்கியாரல, எனக்கு ஒரு டப்பா மூக்குப்பொடி வாங்கியாரல. நாப்பத்திமூணு வரி எழுதின நோட்டு ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருக்க. சரி, அதையாவது கொடு பாப்போம்.

'கம்ப்யூட்டர்ல ஆடுற துப்பாக்கி விளையாட்டு, ரெண்டாம் பாகம். போன பாகத்தை விட நெசமா இருக்கணும்.' நல்லது. 'காத்தடிச்சா குண்டு விலகணும். தாகம் எடுக்கணும். பூட்ஸ் நனைஞ்சா நடை தளரணும். துப்பாக்கி நடுவுல சிக்கணும்.' அடேங்கப்பா. இதென்ன ஓரத்துல செவப்பு மையில? உங்க முதலாளி கையெழுத்தா? 'யார் வந்தாலும் பத்து நிமிசத்துல பழகிக்கிடணும்.' பொருத்தமான ஆளுகதான். நீ பந்தியில உக்காந்தவனைப் பட்டினி போடணும்ங்க, அவரு வழியில போறவனுக்கும் ஊட்டி விடணும்ங்காரு. இலை ஒண்ணுதான்.

நான் என்னத்தைச் சொல்ல? படிக்காத கெழவன். ஆயுதப்படையில 303 துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் பொழைப்பை ஓட்டினவன். அது ஏறக்குறைய 4 கிலோ இரும்பும் கட்டையும். வருசத்துக்கு ஒருக்க ஃபயரிங்குக்குக் கூட்டிட்டுப் போவாங்க. படுத்துச் சுட்டா கட்டை வந்து தோள்பட்டையில இடிக்கிற இடி இருக்கே, மறுநாள் உங்க ஆச்சி நல்லெண்ணெய் தடவுறப்போ "யாரு கூடச் சண்டை போட்டீரு?"ன்னு கேப்பா. ஒரு குண்டு போனதும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கணும். காலிக் கூடு தெறிச்சு எங்கிட்டோ விழும். பத்து ரவுண்டு வாங்கினா பத்துக் காலிக் கூடு திருப்பிக் கட்டணும். ஒண்ணு கொறைஞ்சாலும் இருட்டுற வரைக்கும் புல்லுக்குள்ள தவழ்ந்து தேடணும். அதையும் எழுதிக்கோ, நாப்பத்திநாலு. சுட்டு முடிச்ச பெறகு எல்லாப் பயலும் மண்டி போட்டுக் கூடு பொறுக்கணும். அதை விட நெசம் ஏதும் கெடையாதுலே!

சிரிக்கியா? சிரி. போன கோடை லீவுக்கு வந்தப்ப எனக்கு ஒரு விளையாட்டு காட்டினியே, ரெட் ஆர்கெஸ்ட்ரா, அதைச் செஞ்ச பயலுக கதையைக் கேட்டியா? நீ சொன்னதுதான், நான் திருப்பிச் சொல்லுதேன். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ராஸ்வெல்னு ஒரு ஊரு. அன்ரியல் டோர்னமென்ட்னு அடுத்தவன் போட்ட விளையாட்டு மேல இவனுக ஒட்டுக் கட்டுனானுக. தாய்மரம் அவன் மரம், காய் இவன் காய். போட்டியில அந்தக் காய்க்கு முதல் பரிசு. அந்தத் தைரியத்துல 2005ல ட்ரிப்வயர்னு கம்பெனி வச்சு, 2006ல முதல் பாகத்தை வெளிய விட்டானுக. ஹிட்லர் படைக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த கிழக்குச் சண்டை.

அதுல நான் வாயைப் பொளந்தது எங்க தெரியுமா? நடுத்திரையில கூட்டல் குறி கெடையாது. மத்ததுல எல்லாம் ஒரு கூட்டல் குறி மெதக்கும், அதைக் கொண்டுபோய் எதிராளி மூஞ்சியில வச்சா கணக்கு முடிஞ்சுது. இங்க துப்பாக்கியைக் கண்ணுக்குத் தூக்கி, பின்சைட்டையும் முன்சைட்டையும் சேக்கணும். ஒரு சுடு சுட்டா, போல்ட்டை இழுக்க இன்னொரு தடவ அந்தச் சுடுற பொத்தானையே அமுக்கணும். இழுக்க மறந்துட்டு எதிர்ல வந்தவனைப் பாத்து அமுக்கினேன். குண்டுக்குப் பதிலா போல்ட்டு வந்துச்சு. அவனுக்கு மறதி இல்ல போல. ஆயுதப்படையில எங்க அதிகாரி ஆர்.எஸ்.ஐ. பக்கத்துல நின்னு வையுற மாதிரியே இருந்துச்சு.

மேகசின்ல எத்தனை குண்டு மிச்சம்னு நம்பர் காட்ட மாட்டான். மாத்துறப்போ கனமா இருக்கா லேசா இருக்கான்னு மட்டும் ஒரு வரி வரும். இதுதாம்லே நெசம். இருட்டுல தண்ணிக்குடத்தை எடுத்து ஆட்டிப் பாக்குதாளே உங்க ஆச்சி, அவ லிட்டர்க் கணக்கா பாக்கா?

நீ நாப்பத்திமூணு வரி எழுதியிருக்கியே, இந்த மாதிரி வரி அதுல எத்தனை? காத்துன்னு எழுதியிருக்க. கணக்குப் போடுவோம். ரஷ்யாக்காரனோட மோசின் துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 860 மீட்டர் பறக்கும். அந்தக் கிழக்குச் சண்டையில ஸ்டாலின்கிராட்னு ரஷ்ய ஊரு, அங்க சண்டை நடந்தது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல, மாடிப்படிக்கு மேலயும் கீழயும். 60 மீட்டர்ல காத்து வந்து அந்தக் குண்டை என்ன பண்ணிரும்? ஒரு வெரக்கடை கூட நவுத்தாது. நவுத்தாத காத்துக்கு நீ ஒரு மீட்டர் வரைஞ்சு, அதைப் பாக்க ஒரு பொத்தானை வச்சு, அதைப் பழக ஒரு பாடமும் நடத்தப் போற. பேஷ். வீட்டுக்குள்ள குடை பிடிக்கிறவன் சுத்தக்காரன்தான், யாரு இல்லன்னா?

நெசம் முழுசும் வேணும்னா தயங்காம இறங்கு. 1942 நவம்பர் 19ல ரஷ்யாக்காரன் வளைச்சு அடிக்க ஆரம்பிச்சான், நாலு நாள்ல ஜெர்மன் படை வட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டுது. அதுக்குப் பெறகு அவனுக பண்ணின வேலை என்ன? பேன் பாத்தானுக. குதிரையை அறுத்துத் தின்னானுக. காய்ச்சல்ல கெடந்தானுக. வெரலு பனியில கறுத்துச்சு. 1943 பிப்ரவரி 2ல எல்லாம் அடங்குனப்போ கைதியாப் போனது ஏறக்குறைய 91,000 பேரு. வருசக்கணக்குக் கழிச்சு வீடு திரும்புனவன் 6,000 பேரு கூட இல்ல. இதை அப்படியே விளையாட்டாக்கி வித்தா, வாங்குறவன் ரெண்டு மாசம் பேன் பாத்துட்டு செத்துப்போவான். ஆக, நெசம் நெசம்னு சொல்லுத நீயும் பொறுக்கிக்கிட்டுத்தானே இருக்க? பொறுக்கறதை ஒழுங்காப் பொறுக்கு. அது போதும்.

ட்ரிப்வயர் பயலுக ரெண்டாம் பாகத்துல எப்படிப் பொறுக்கினானுகன்னு பாரு. 2011 செப்டம்பர். ஹீரோஸ் ஆஃப் ஸ்டாலின்கிராட். ஒரே களத்துல 64 பேரு. சுவத்தோரம் ஒட்டி நின்னு எட்டிப் பாக்கலாம். காயம் பட்டா கட்டுத் துணி சுத்திக்கிடலாம், சுத்தலைன்னா ரத்தம் ஓடிச் சாவ. எல்லாக் குண்டும் ஒடனே கொல்லாது. சில அடி பட்டா சாகப்போறோம்னு தெரிஞ்சே கொஞ்ச நேரம் கண்ணு மங்கிக்கிட்டுக் கெடக்கணும். பக்கத்துல கெடக்கிறவன் கத்துவான் பாரு, உங்க ஆச்சி அடுக்களையில இருந்து ஓடியாந்து "அந்தப் பொட்டியை மூடுங்க"ன்னுட்டா. டாங்கி விசயத்துல நல்ல சுலபம் ஒண்ணு பண்ணினானுக. முந்தி ஓட்ட ஒருத்தன், சுட ஒருத்தன்னு ஆளு சேக்கணும். இப்ப கூட ஆளு இல்லைன்னா கம்ப்யூட்டரே அந்த எடத்துல உக்காந்துக்கிடும். ஆனா உள்ள இருக்கிற ஆளு தனித்தனியாத்தான் சாவான். கை வேலை கொறைஞ்சுது, பயம் கொறையல. இந்த எடத்தை அடிக்கோடு போட்டு வச்சுக்கோ.

அடுத்து சறுக்குன எடம். ஆளுகளை இழுத்துப் பிடிச்சு வைக்கணும்னு, விளையாட விளையாடப் படி ஏறணும், ஏறினா புதுத் துப்பாக்கி தொறக்கும்னு வச்சானுக. பக்கத்துக் கடையில எல்லாம் அப்படித்தானே ஏவாரம்? அதே வருசம் அக்டோபர்ல பேட்டில்ஃபீல்டு 3, நவம்பர்ல மாடர்ன் வார்ஃபேர் 3. அவன் பந்தல்ல கூட்டத்தைப் பாத்து இவனுக்கும் சபலம். எம்.கே.பி. 42ன்னு ஜெர்மன்காரன் 1942 வாக்குல பரிசோதனைக்குக் கொஞ்சமாச் செஞ்ச தானியங்கித் துப்பாக்கி, அது படியேறுன பயலுக கையில வந்துட்டுது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் எறக்குற வெள்ளிக் குடத்தை டீக்கடையில அடுக்கி வச்ச மாதிரி. பழைய ஆளுகளுக்குக் கோவம் வராம என்ன செய்யும்? அஞ்சு குண்டு போட்ட போல்ட் துப்பாக்கியை வச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சு நிக்கிறவன் முன்னாடி படியேறுன பய சடசடன்னு தண்ணி தெளிக்கான்.

கவனிச்சியா? பழைய ஆளுக கோவப்பட்டது டாங்கியில ஆளு உக்கார வச்சதுக்கு இல்ல. கட்டுத்துணிக்கு இல்ல. விலையைக் கொறைச்சதுக்குத்தான் கோவம். ஒரு குண்டு தப்புனா அடுத்த குண்டுக்குள்ள உசிரு போயிரும்ங்கிற அந்த வெலை. கை படுற கஷ்டம் வேற, வயிறு படுற கஷ்டம் வேறலே. நீ எழுதின நாப்பத்திமூணுல முப்பது கையைப் பிடிச்சு முறுக்குறது. முதலாளி சொல்லுத பத்து நிமிசத்துக்கு அந்த முப்பதையும் தாராளமாக் கொடுத்துரு, ஒண்ணும் குடி முழுகாது. வயித்துல புளி கரைக்கிறது மிச்சம் இருக்கே, அதுல ஒரு கொட்டை கூடக் கொடுக்காத. அவரு கேட்டா, "தாத்தா கிட்டக் கேட்டுச் சொல்லுதேன்"னு எம் பேர்ல போடு.

ட்ரிப்வயர் பயலுக அப்படிச் செய்யல. எல்லாரையும் சமாதானம் பண்ணப் போனானுக. 2012ல அதே விளையாட்டுக்குள்ள கிளாசிக்னு பழைய ஆளுகளுக்கு ஒரு வழி, ஆக்‌ஷன்னு புது ஆளுகளுக்கு ஒரு வழி. ஆக்‌ஷன்ல நம்ம கூட்டல் குறி திரும்பி வந்துட்டுது! நடுவுல ஏற்கெனவே இருந்தது ஒரு வழி. ஒரே வீட்டுல மூணு அடுப்பு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச வீட்டுக்கு விருந்தாளி போன கதைதான், எந்த வாசல்ல செருப்பைக் கழத்தன்னு தெரியாம நிப்பான். 64 பேரு சேந்து ஆடுற ஆட்டத்துக்கு ஆளுதான் சொத்து. அதைப் போயி மூணு கூறு போட்டா?

அந்தக் கம்பெனித் தலைவரா இருந்த ஜான் கிப்சன் 2013ல ஒரு பேட்டியில, கால் ஆஃப் டூட்டி ஒரு தலைமுறை ஆட்டக்காரனையே ஏறக்குறையக் கெடுத்துப்போட்டுதுன்னு குறைப்பட்டாராம். மனுசன் வயித்தெரிச்சல் புரியுது. ஆனாலும் சாப்பிட வந்தவனைப் பாத்து "உனக்கு நாக்கு செத்துப் போச்சு"ன்னு சொல்லுத கடைக்காரனுக்கு, மறுநா யாரு இலை போடுவா?

இம்புட்டையும் சொன்னவன் இதையும் சொல்லணும், இல்லைன்னா பாவம். அதே 2013 மே மாசம் ரைசிங் ஸ்டார்ம்னு ஒண்ணு விட்டானுக, அதுவும் ஒட்டுக் கட்டுற பயலுகளைச் சேத்துக்கிட்டுப் பண்ணினது. பசிபிக் தீவுகள்ல அமெரிக்காக்காரனும் ஜப்பான்காரனும். அமெரிக்காக்காரன் கையில காரண்ட், எட்டுக் குண்டு, இழுக்க வேண்டாம், அமுக்கிக்கிட்டே இருக்கலாம். ஜப்பான்காரன் கையில அரிசாகா, அஞ்சு குண்டு, ஒவ்வொண்ணுக்கும் போல்ட் இழுக்கணும். அநியாயம்தானே? சரிக்குச் சரியா ஆக்கணும்னு துப்பாக்கியில கை வைக்கல அவனுக. ஜப்பான்காரன் கூட்டமாச் சேந்து கத்திக்கிட்டு ஓடியாந்தா எதிராளிக்குக் கண்ணு கலங்கும், குறி ஆடும். அது எந்த அளவுகோல்லயும் அளக்கிற நெசமில்ல. சத்தம் கேட்டா கண்ணு கலங்கும்னு எந்த வைத்தியன் சொன்னான்? ஆனா எதிர்ல நிக்கிறவனுக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி இருக்கு. புதுசா வந்த பயலும் ஒரு நொடியில பழகிக்கிடுவான்: எல்லாரோடயும் சேந்து ஓடு, கத்து. அவ்வளவுதான் பாடம். முதலாளிக்குப் பத்து நிமிசம் கூட வேண்டாம்.

உன் நோட்டுல இப்படி ஒரு பொய் இருக்கா, பாரு. இல்ல. எல்லாம் நெசம். அதாம்லே கோளாறு.

இன்னொண்ணு. தூரச் சுடுறவன், எந்திரத் துப்பாக்கிக்காரன், இதுக்கெல்லாம் அவனுக ஆட்டத்துல எண்ணி எடம் வச்சிருக்கானுக. முந்தினவனுக்குக் கெடைக்கும். மிச்சம் பேரு சாதாச் சிப்பாய். இதுல மட்டும் முதலாளி பேச்சைக் கேட்டுராத. எல்லாரும் ஆசைப்படுதானேன்னு எல்லாரையும் தூரச் சுட விட்டா, 64 பேரும் ஆளுக்கொரு சன்னல்ல படுத்துக் கெடப்பானுக. தெருவுல யாருலே ஓடுவா? நம்மூரு கூட்டத்துல மைக்குப் பிடிக்க மட்டும் ஆளு இருக்கும், பெஞ்சு தூக்க ஆளு இருக்காது பாரு.

சரி, நோட்டை வச்சிரு. கேக்கணும்னு நெனச்சேன், அந்தப் பொட்டியைக் கொண்டாந்திருக்கியா? இருக்கா? எடு, எடு. அந்த ஸ்டாலின்கிராட் ஆட்டத்துல வர்ற பாவ்லோவ் வீட்டுச் சண்டையை ஓட்டு. போன தடவ நான் பதிமூணு தரம் செத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியாமே. அந்தப் பதிமூணுக்கும் காரணம் தெரியுமா உனக்கு? நாப்பத்திமூணு எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். மேகசின் லேசா இருக்குன்னு ஒரு வரி போடுதானுகன்னு சொன்னேன்ல? அது எள்ளு மாதிரி, திரையோரத்துல ஒரு மூலையில வருது. கண்ணாடியைத் தொடைச்சு, கழுத்தை நீட்டி, 'லே... சா...'ன்னு எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள ஜெர்மன்காரன் வந்துட்டான். குறி ஆடாம மூச்சுப் பிடிக்கிற பொத்தானும் சுண்டுவெரலுக்குப் போட்டு வச்சிருக்கானுக, என் சுண்டுவெரலு மடங்கி ஆறு வருசமாச்சு. நெசமா, சுலபமான்னு நீயும் முதலாளியும் மல்லுக்கட்டுங்க, நான் குறுக்க வரல. நாப்பத்திமூணை அடிச்சுட்டு அந்த எடத்துல முதல் வரியா எழுது: 'எழுத்தைப் பெருசா போடணும். பொத்தானை அவனவன் வெரலுக்கு மாத்திக்கிட விடணும்.'

எழுதியாச்சா? தள்ளி உக்காரு. ஆச்சி கூப்பிட்டா நான் தோட்டத்துக்குப் போயிருக்கேன்னு சொல்லு.