அரை லூசு

தமிழில் முட்டாளுக்கும் பஞ்சமில்லை, அவனைத் திட்டும் சொல்லுக்கும் பஞ்சமில்லை. வீரமாமுனிவர் பரமார்த்த குருவுக்குச் சீடர்களாக மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து பேரை வைத்தார். இன்று எழுதியிருந்தால் லூசு என்று ஆறாவதாக ஒருவன் சேர்ந்திருப்பான். சேர்ந்த மறுநாளே மற்ற ஐவருக்கும் வேலை போயிருக்கும். வள்ளுவர் பேதைமை, புல்லறிவாண்மை என்று இரண்டு அதிகாரம், இருபது குறள் செலவழித்தார். என் அத்தை இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார்.

சொல் இங்கிலீஷ் சரக்குதான். தையற்காரரிடம் பேன்ட் லூசு என்கிறோம், மளிகைக் கடையில் எண்ணெயை லூசில் வாங்குகிறோம், யாருக்கும் கோபம் வருவதில்லை. மண்டைக்குள் போனால்தான் வில்லங்கம். கூமுட்டையும் களிமண்ணும் ஆண்ட இடத்தில் ஒர்க்‌ஷாப் புகுந்துவிட்டது: மரை கழண்டவன், நட்டு கழண்டவன், லூசு.

இதில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. அரை லூசு என்றால் பாதிதானே என்று ஆறுதல் அடைய முடியாது. முழு லூசை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து ஒதுங்கிவிடலாம். அரை லூசு நம்மைப் போலவே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை வாஸ்துப்படி இடம் மாற்றச் சொல்லும். நாலு பேர் கையும் தூக்குவார்கள்.

மரியாதை விஷயத்திலும் எல்லாம் தலைகீழ். "ஏய் லூசு, சாப்டியா?" என்றால் வீட்டில் எல்லாம் சௌக்கியம். "நீங்க என்ன லூசாங்க?" என்று இரண்டு 'ங்க' போட்டு மனைவி கேட்டால் அன்றைக்கு ராத்திரி ஓட்டல் சாப்பாடுதான். நிஜமாகவே மனநலம் குன்றியவரைப் பார்த்து இதைச் சொல்கிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சினிமா இதைக் காதல் மொழியாகவே ஆக்கிவிட்டது. 2006இல் 'வல்லவன்' படத்தில் காதலியை இப்படி அழைத்தே ஒரு பாட்டு. 2008இல் 'சந்தோஷ் சுப்ரமணியம்' ஜெனிலியா வந்தார், ஊரே கொண்டாடியது. பிறகு வந்த கதாநாயகிகள் பலருக்கு மழையில் ஆடுவதும் நாய்க்குட்டியோடு பேசுவதுமே உத்தியோகம். 'லூசுப் பொண்ணு' என்று ஒரு தனி ஜாதியே உருவானது. அதே வேலையைக் கதாநாயகன் செய்தால் அதற்குப் பெயர் மாஸ்.

ஆபீசில்தான் இந்தச் சொல்லுக்குப் பெரிய கிராக்கி. மேலாளர் போனை வைத்த அடுத்த நொடி அவரைப் பற்றி எல்லார் வாயிலும் வருவது இதுதான். என் நண்பர் ஒருவர் மீட்டிங்கில் மியூட் போட்டுவிட்டதாக நினைத்துச் சொன்னார். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். மேலாளர் எப்படி என்று கேட்டேன்.

"தங்கமான மனுஷன் சார். கொஞ்சம் லூசு, அவ்வளவுதான்."