பூஜ்ஜியத்துக்கு இரண்டு சாட்சி

வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே வரிப் புலம்பல் தொடங்கிவிடும். சம்பாதிப்பதில் பாதியை அரசாங்கம் கொண்டுபோகிறது, பேசாமல் துபாய்க்குப் போய்விடலாம் என்பார்கள். ஃப்ரீலான்சர் என்ற பெயரே பாதிப் பேருக்கு வேலையில்லாதவன் என்றுதான் காதில் விழுகிறது. அதற்கு மேல் வரியும் கட்டுகிறார் என்றால் யாருக்கும் இரக்கம் வரும். ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால் அந்த இரக்கம் நிற்காது. புலம்ப வேண்டிய விஷயம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது பணம் இல்லை.

திருக்கழுக்குன்றம் மாட வீதியில் ஒரு மென்பொருள்காரர் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹாம்பர்க் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்து வருஷத்துக்கு 24 லட்சம் ரூபாய் வாங்குகிறார். கூடப் படித்தவர் சிறுசேரியில் அதே 24 லட்சத்துக்குச் சம்பள வேலையில் இருக்கிறார். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் சிறுசேரிக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, செஸ் சேர்த்து வரும் வரி 2,92,500 ரூபாய். மாட வீதிக்காரருக்குப் பூஜ்ஜியம். இதில் திருட்டு எதுவும் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில் செய்பவர் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், மறுபாதி செலவென்று வைத்துக்கொள்கிறோம், பில் வேண்டாம் என்று 2016-17 முதல் சட்டமே சொல்கிறது. ஆடிட்டர்கள் வாயில் அது 44ஏடிஏ பிரிவு. 2026 ஏப்ரல் முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு. பாதி போனால் மிச்சம் 12 லட்சம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும் காபித்தூளும் வைத்துப் பிழைப்பவருக்கு வருஷம் 12 லட்சம் எப்படிச் செலவாகும் என்று கேட்காதீர்கள். அவ்வளவு காபி குடித்தவர் ரிட்டர்ன் போட உயிரோடு இருக்க மாட்டார். சட்டம் நம்புகிறது, நாமும் நம்புவோம்.

ஜிஎஸ்டியிலும் இதே கதைதான். சேவைத் தொழிலில் வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தபின், வெளிநாட்டுக்குப் போகும் சேவை ஏற்றுமதி என்பதால் வரி விகிதம் சுழியம். ஆக, நேராகக் கையிலிருந்து கழலும் வரி ஒன்றே ஒன்றுதான்: பேரூராட்சிக்குக் கட்டும் தொழில் வரி. அரையாண்டுக்கு 1,250, வருஷத்துக்கு 2,500 ரூபாய். அதற்கு மேல் கேட்க அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவு விடாது. 1950-இல் அந்த உச்சவரம்பு 250 ரூபாயாக இருந்தது. 1988-இல் அறுபதாவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதற்குப் பிறகு அது அசையவில்லை. டெல்லி தள்ளுபடி செய்து அனுப்பிய ஆளிடம் திருக்கழுக்குன்றம் பேரூராட்சி ரசீது கிழித்துக் கொடுக்கிறது.

இனிதான் புலம்பலுக்கான இடம். பூஜ்ஜியம் என்பது தானாக வந்து உட்காராது. அதை நிரூபிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும். வீடும் கரண்ட் பில்லும் அப்பா பெயரில் இருக்கும். ஆகவே, என் மகன் என் வீட்டில் உட்கார்ந்து தொழில் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாக ஆட்சேபித்துக்கொண்டே இருந்தவருக்கு இது எளிய காரியமில்லை. ஜிஎஸ்டி எண் வந்ததும், தொழில் நடக்கும் இடத்தின் வாசலில் பெயர்ப்பலகையில் அதை எழுதி வைக்கவேண்டும் என்கிறது விதி. தேர் பார்க்க வருகிறவர்கள் படித்துப் பயனடையலாம். பிறகு எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன், நிபந்தனை மீறினால் கட்டுகிறேன் என்று ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக எழுதித் தரவேண்டும். இதற்கு இரண்டு சாட்சிகள்: பெயர், தொழில், முகவரியோடு. கல்யாணப் பதிவுக்குச் சாட்சி கேட்டால் புரிகிறது, நாளைக்கு ஒருவர் மறுக்கலாம். வராத வரிக்குச் சாட்சி சொல்ல எதிர்வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

அதோடு முடியவில்லை. வரியே இல்லாத ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 வரை தாமதக் கட்டணம். ஆக பூஜ்ஜியத்துக்கும் ஒரு விலை உண்டு. இதைவிட வேடிக்கை, இன்வாய்ஸ் அனுப்பி ஒரு வருஷத்துக்குள் பணம் வராவிட்டால் ஏற்றுமதிச் சலுகை ஆட்டம் காண்கிறது; 18 சதவீத வரியும் வட்டியும் கட்டவேண்டிய நிலை வருகிறது. கிளையன்ட் ஏமாற்றினால் கிளையன்டைப் பிடிக்க வழியில்லை. ஏமாந்தவர் கையெழுத்துத்தான் கைவசம் இருக்கிறது. கிளையன்ட் அமெரிக்காவில் இருந்தால் டபிள்யூ-8பென் படிவமும் உண்டு. நான் அமெரிக்கன் இல்லை என்று அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுப்பது அது. ஆயுளுக்கு ஒருமுறை சொன்னால் போதாது, சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடி சொல்லவேண்டும். நடுவில் மனம் மாறி அமெரிக்கனாகிவிட்டோமா என்ற சந்தேகம் போலும்.

அப்படியானால் வெளிநாட்டுக்கே போய்த் தொழில் செய்தால் நிம்மதியா? துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. உரிமத்துக்கும் விசாவுக்கும் காப்பீட்டுக்கும் வாங்கும் கட்டணத்துக்கு வரி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. லண்டன் தமிழர் அக்டோபர் 5-க்குள் சுயதொழில்காரராகப் பதிய வேண்டும், ஜனவரி 31-க்குள் கணக்கும் பணமும் கொடுக்க வேண்டும். அவருடைய வரி வருஷம் ஏப்ரல் 6-இல் தொடங்குவதற்குக் காரணம் 1752-இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியது. நாட்காட்டி மாறி எத்தனையோ தலைமுறை போயும் வரித்துறை மட்டும் பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை. ஜெர்மனியில் பணத்தைப் பற்றிக் கேட்கும் முன் நீ யார் என்று கேட்பார்கள். சுதந்திரத் தொழிலரா, வியாபாரியா? வியாபாரி என்றால் தொழில் வரி தனி. அவர்கள் பட்டியலில் பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர், கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமிகூட இருக்கிறார்கள். நம் வருமான வரிப் பட்டியலில் வக்கீல், டாக்டர், இன்ஜினியரோடு சினிமாக் கலைஞர் இருக்கிறார். வசனகர்த்தாவும் பாடலாசிரியரும் அதில் அடக்கம். நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. ஒரு கவிஞர் சினிமா மெட்டுக்கு எழுதினால் தொழிலர், மெட்டில்லாமல் எழுதினால் அவர் பாடு. பக்கத்தில் மாமல்லபுரத்துச் சிற்பிகளைக் கேளுங்கள்: 2018 ஜூலையில் கல்லிலும் மரத்திலும் செய்த தெய்வ உருவங்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு வந்தது. அதே கல்லில் நடனமாதைச் செதுக்கினால் வரி உண்டு. எந்த நாட்டிலும் ஆளைவிட அவன் விழுகிற கட்டம்தான் முக்கியம்.

இந்தக் காகிதப் புலம்பலுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. போலி ஏற்றுமதி காட்டி அரசாங்கத்திடமே பணம் திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சாட்சியும் கடிதமும் இல்லாவிட்டால் கஜானா ஓட்டையாகும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாக, எதற்கு வந்தது என்ற குறியீட்டோடுதான் வருகிறது. எதிர்வீட்டுக்காரரைவிட வங்கி நல்ல சாட்சி. இன்னொரு மறுப்பு புலம்புகிறவர்களிடமிருந்தே வரும்: வரிதான் பூஜ்ஜியமாயிற்றே, பதிவே செய்யாமல் இருந்தால் என்ன? வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டியை நிம்மதியாக மறந்துவிடலாம். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போடாதவருக்கு நாளைக்கு வீட்டுக் கடனோ விசாவோ வேண்டுமானால் ஒரு காகிதம்கூட இருக்காது. சம்பளக்காரருக்கு அவருடைய நிறுவனம் சாட்சி. சொந்தக் காலில் நிற்பவருக்கு ரிட்டர்னை விட்டால் நாதியில்லை. காசியில் குளித்துவிட்டு உச்சிவேளைக்குத் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலைக்கு வந்து சாப்பிட்டதாக ஊரார் சொல்லும் கழுகுகள்தான் எந்தக் காகிதமும் இல்லாமல் இரு மாநிலங்களில் காலம் தள்ளின. அவையும் தொண்ணூறுகளின் கடைசியில் வரவை நிறுத்திக்கொண்டன. ஜிஎஸ்டி 2017-இல்தான் வந்தது.

வரி இல்லை என்று எழுதி வாங்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. முதலாம் ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று திருக்கழுக்குன்றத்தில் உண்டு. கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவ அரசன் கோயிலுக்கு இறையிலியாகக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அப்படியே காப்பாற்றினார், சோழனும் அதைப் புதுப்பிக்கிறான் என்பது செய்தி. பல்லவர் போய்ச் சோழர் வந்த பிறகுதான் வரிவிலக்கைப் புதுப்பிக்கும் தேவை வந்திருக்கிறது. நம் எல்யூடியோ ஆட்சி மாறாவிட்டாலும் மார்ச் 31-இல் செத்துப்போகிறது. ஒருமுறை கொடுத்த கடிதம், கொடுத்தவர் தவறு செய்து அதிகாரி ரத்து செய்யும்வரை செல்லும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு வரி திருத்தினால் இதில் பாதி வேலை தீரும். கஜானாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அது நடக்கும்வரை, வெளிநாட்டுக்கு வேலை செய்யும் ஜிஎஸ்டி பதிவுக்காரர்கள் புதிய நிதியாண்டின் முதல் இன்வாய்ஸை அனுப்பும் முன்பே எல்யூடியைப் போட்டு முடியுங்கள். அப்படியே பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை போய், பாக்கியிருக்கும் 1,250 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.