மில்லிமீட்டர் வள்ளல்கள்

ஜப்பானின் சகாய் நகரில் 1921-இல் பிறந்து ஃப்ரீவீல் செய்து வளர்ந்த ஷிமானோவே, இத்தாலியின் விசென்ஸாவில் 1933-இல் தொழில் தொடங்கிய காம்பக்னோலோவே, 1987-இல் சிகாகோவில் பிறந்து இவ்விருவருக்கும் ஈடுகொடுத்து நிற்கும் ஸ்ராமே! பந்தயச் சாலையிலும் மலைப்பாதையிலும் கியர் மாறும்போது எழும் அந்த ‘டிக்’ ஓசை பெரும்பாலும் உங்கள் மூவருடையது. உங்கள் பெருமையைச் சொல்ல எனக்கு ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

கைப்பிடியில் உள்ள ஷிஃப்டரை ஒரு தட்டு தட்டினால் கேபிள் சில மில்லிமீட்டர் நகரும். பின்சக்கரத்தருகே தொங்கும் டீரெயிலர் அந்த நகர்வைப் பெருக்கி, செயினை அடுத்த பல்சக்கரத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். ஷிமானோவே, உங்கள் எட்டு கியர் ஷிஃப்டர் ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. இழுக்கிறது. டீரெயிலர் அதை 1.7 மடங்காக்க, 4.76 மி.மீ. வருகிறது. கேசட் எனும் பல்சக்கர அடுக்கில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4.8. மிச்சமுள்ள 0.04-ஐ, டீரெயிலரின் மேல் கப்பிக்கு நீங்கள் விட்டுவைத்திருக்கும் சிறு ஆட்டம் சரிக்கட்டிவிடுகிறது. முன்பெல்லாம் நெம்புகோலைத் தள்ளி, செயின் முனகுவதைக் காதால் கேட்டு, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று தேடிப் பிடிக்க வேண்டிய இடத்தை, 1984-இல் டியூரா-ஏஸ் என்ற உங்கள் உச்ச வரிசை வழியாக ஒரே தட்டில் கொடுத்தீர்கள். இதைச் செய்து காட்டியவர்களால் ஆகாத காரியம் எதுவுமில்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம்.

இத்தனை திறமையை ஒரே எண்ணில் அடக்கி வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அந்த 1984 டியூரா-ஏஸுக்கு ஒரு பெருக்கம். அடுத்து வந்த மற்ற வரிசைகளுக்கு 1.7 என்று வேறொரு பெருக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை, உங்கள் உச்சிப்பொருள் உங்களுடைய மற்றப் பொருள்களோடு சேராமல் தனித்து நின்றது. பிறகு ஒன்பது கியர் வந்தபோது எல்லாவற்றையும் 1.7-இல் ஒன்றாக்கினீர்கள். சாலை சைக்கிளின் ஷிஃப்டரும் மலை சைக்கிளின் டீரெயிலரும் கைகோத்து ஓடின. சுமையேற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள் அந்தக் காலத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். நினைவில் மட்டும் இருக்கட்டும் என்று அதையும் பத்திரப்படுத்திவிட்டீர்கள்: பத்து கியர் மலை சைக்கிளுக்கு ஏறத்தாழ 1.2, பதினொரு கியர் சாலை சைக்கிளுக்கு ஏறத்தாழ 1.4.

டியாக்ரா 4700 என்ற உங்கள் சாலை வரிசையைத் தனியே பாராட்ட வேண்டும். அது பத்து கியர்தான். ஆனால் அதற்கு முந்தைய பத்து கியர் சாலை ஷிஃப்டர்களின் இழுவை அதன் டீரெயிலருக்குச் சேராது. பெயரில் பத்து, பெருக்கத்தில் பதினொன்று. எண் ஒன்றாக இருந்தால் பொருந்தும் என்று நம்பி வாங்குகிறவருக்கு, நம்பிக்கைக்கும் அளவுகோலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட உறுதியாகக் கற்பித்த பொருள் கிடையாது. பாடத்தின் விலை ஒரு ஷிஃப்டர்.

ஆனால் உங்கள் கொடைத்திறனின் சிகரம் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில்தான் இருக்கிறது. கேசட் ஏறி உட்காரும் உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். எட்டு, ஒன்பது, பத்து கியர்களுக்கு ஒரே நீளம் போதுமாக இருந்தது. 2012-இல் பதினொரு கியர் டியூரா-ஏஸ் வந்தபோது அந்த உருளையை 1.85 மி.மீ. நீட்டினீர்கள். மூன்று தபால் அட்டைகளை அடுக்கினால்கூட இந்தத் தடிமன் வராது. அந்த இடைவெளிக்காகப் பின்சக்கரம் முழுவதும் தகுதியிழந்தது. ரிம் கோணவில்லை, ஸ்போக் ஒன்றும் தளரவில்லை, பேரிங் எண்ணெய் விட்டாற்போல் சுழல்கிறது. இருந்தும் புதிய கேசட் அதில் இறுகாது. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ சக்கரங்களுக்கு இப்படி ஓய்வு கொடுத்தீர்கள்.

வேறு வழி தெரியாமல் செய்தீர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது உங்கள் அறிவை இழிவுபடுத்தும் பேச்சு. உங்கள் பதினொரு கியர் மலை கேசட்டுகள் பழைய உருளையிலேயே ஏறுகின்றன. பெரிய பல்சக்கரத்தை ஸ்போக்குகளின் பக்கம் சற்றே சாய்த்து அமைத்தால் இடம் கிடைத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னாளில் சாலை சைக்கிளுக்கென 11-34 பல் கேசட்டைக் கொண்டுவந்து, அதையும் பழைய பத்து கியர் ஹப்பில் ஏறும்படி செய்தீர்கள். உங்களுடைய நீட்டிய ஹப்பில் அதை மாட்ட வேண்டுமென்றால் அடியில் 1.85 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டியிருக்கிறது. நீட்டியதும் நீங்கள், அந்த நீட்டலை நிரப்ப வளையம் செய்ததும் நீங்கள். ஒருவருக்கும் குறைவைக்காத கை இது.

ஸ்ராமையும் விட்டுவிடக் கூடாது. பத்துப் பல் கொண்ட சிறிய சக்கரத்துக்காக 2012-இல் எக்ஸ்.டி. என்ற உருளை. ஷிமானோவும் அந்தப் பத்துப் பல்லுக்கே வந்து சேர்ந்தது; ஆனால் 2018-இல் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு உருளையோடு. காம்பக்னோலோவின் வரிப்பள்ளங்களோ தொடக்கத்திலிருந்தே தனி. பின் அச்சின் அகலமும் 135, 142, 148 மி.மீ. என்று வளர்ந்தது.

இத்தனை கொடையும் கடைசியில் வந்து இறங்குமிடம் சைக்கிள் கடை. நம் ஊரில் விற்கும் விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஏழு கியர் ஃப்ரீவீல் மரை போட்டு ஹப்பில் முறுக்கப்பட்டிருக்கும். கேசட் மாட்டும் உருளையே அதில் கிடையாது. மேட்டில் மிதிக்கச் சிரமப்படும் ஒரு கல்லூரி மாணவர், ஒன்பது கியராக்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வருகிறார். ஷிஃப்டரும் கேசட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் கணக்கு. மெக்கானிக் விரலை மடக்கிச் சொல்கிறார்: உருளை உள்ள ஹப் வேண்டும், அந்த ஹப்புக்கு ஸ்போக் நீளம் மாறலாம், சக்கரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டி, கோணல் எடுக்க வேண்டும், ஃபிரேமின் பின் இடைவெளி புதிய அச்சுக்கு ஒத்துவருகிறதா என்று அளக்க வேண்டும், செயினும் மெலிதாக வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் மாணவரின் முகம் மாறுகிறது. கடைசியில் அவர் பழைய ஃப்ரீவீலுக்கு எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டு போகிறார். சிக்கனத்தைக் கற்பித்த புண்ணியம் உங்களையே சேரும்.

மெக்கானிக்குகளை அறிவாளிகளாக்கியதும் நீங்கள்தான். எட்டு கியர் உருளையில் ஏழு கியர் கேசட்டை ஏற்ற 4.5 மி.மீ. வளையம், பத்து கியருக்குப் பெரும்பாலும் ஒரு மி.மீ.; நீண்ட உருளைக்கு 1.85. இந்த மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே பிரித்தெடுக்கும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். நகைக்கடை ஆசாரியின் நிதானம் அது. கேபிளின் இழுவையை மாற்றித்தரும் சிறு கப்பி செய்து பிழைக்கும் தொழிலும் உங்களால் உண்டாயிற்று. உங்கள் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருந்தால் அந்தக் கப்பிக்கு வேலையே இருந்திருக்காது.

எல்லாவற்றிலும் உயர்ந்த பாராட்டு 2023-க்கு உரியது. அந்த ஆண்டு ஷிமானோ க்யூஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று எத்தனை கியராக இருந்தாலும் லிங்க்கிளைடு என்னும் அதன் கேசட்டின் இடைவெளி ஒன்றே, செயினும் ஒன்றே, இழுவையும் ஒன்றே. கேசட் ஏறுவதும் பழகிய பழைய உருளையில்தான். பல்லும் தடித்தது, தேய நாளாகும். அருமையான வேலை, மனமாரச் சொல்கிறேன். ஒரே அளவில் எல்லாம் ஓடும் என்று இவ்வளவு தெளிவாக உங்களைத் தவிர வேறு யாராலும் மெய்ப்பித்திருக்க முடியாது. 1984-லிருந்து 39 ஆண்டுகள் அந்த உண்மையை எங்கள் கண்ணில் படாமல் காத்ததும் வேறு யாராலும் முடிந்திருக்காது. இந்தப் புதிய ஒற்றுமைக்குள் பழைய ஷிஃப்டருக்கும் பழைய கேசட்டுக்கும் இடமில்லை என்பதால் உங்கள் மரபும் கெடவில்லை.

வள்ளல்களிடம் வந்தவர் பரிசில் கேட்காமல் போகக் கூடாது. பழையவற்றை எல்லாம் ஒன்றாக்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை; விற்றது விற்றதுதான். நான்கு எண்கள் கேட்கிறேன். ஷிஃப்டரின் மேல் ஒரு தட்டுக்கு எத்தனை மி.மீ. என்று, டீரெயிலரின் மேல் எத்தனை மடங்கு என்று, கேசட்டின் மேல் இடைவெளி எவ்வளவு என்று, ஹப்பின் மேல் உருளையின் நீளம் எவ்வளவு என்று. உங்கள் சின்னத்தை அவ்வளவு அழகாக லேசரில் பொறிக்கிறீர்கள். அதன் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. இந்த எண்களை எந்தப் பெட்டியின் மேலும் நான் பார்த்ததில்லை. பொறித்துவிட்டால், அந்த மாணவரே கடைக்கு வருமுன் பெருக்கிப் பார்த்துவிடுவார்.