குடில் கட்டு படலம்

பௌத்த மரபில் ஏகாந்தவாசம் என்பது, ஒருவர் உலகியல் தொடர்புகளை விட்டு, குறித்த எல்லைக்குள், குறித்த காலம் முடியும்வரை, ஆசிரியரின் நெறிப்படி தியானம் பயிலும் வழக்கத்தைக் குறிக்கும். மழைக்காலத்தில் பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் ‘வஸ்ஸ’ வாசம் தொடங்கித் திபெத்தியரின் மூன்றாண்டு வாசம் வரை இதில் பல வகை உண்டு. அமர்ந்தபின் செய்ய வேண்டியவை பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. அமர்வதற்கு முன் நடப்பவை பற்றி, குறிப்பாகத் தியானிப்பவர் தம் குடிலைத் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் பற்றி, தனியே ஆராயத்தக்க அளவுக்குச் சான்றுகள் உள்ளன, அவற்றுள் பெரும்பாலானவை புகார்கள் என்றாலும். எல்லாவற்றையும் துறக்கத் துணிந்தவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சுத்தியல் என்பதும், அந்தச் சுத்தியல் பெரும்பாலும் பிறருடையது என்பதும் அச்சான்றுகளிலிருந்து தெளிவாகின்றன.

சங்க ஒழுங்குகளைத் தொகுத்துரைக்கும் விநய பிடகத்தின்படி, ஆளவி என்னும் ஊரிலிருந்த பிக்குகள் தத்தமக்கெனக் குடில் கட்டத் தலைப்பட்டனர். கையில் பொருள் இல்லை. செலவை ஏற்கும் உபயகாரரும் இல்லை. கேட்பதற்கு வாய் மட்டும் இருந்தது. ஆள் வேண்டும், மாடு வேண்டும், வண்டி வேண்டும், கோடரி வேண்டும், மண்வெட்டி வேண்டும், உளி வேண்டும், மூங்கிலும் கொடியும் புல்லும் களிமண்ணும் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தனர். குடிலுக்கு அளவு வரையறுக்கப்படாமையால் கட்டடம் முடிந்தபாடில்லை. கட்டடம் முடியாமையால் கேட்பதும் ஓய்ந்தபாடில்லை. ஊரார் பிக்குவைக் கண்டதும் வேறு தெருவுக்குள் நுழைந்தனர், முகத்தைத் திருப்பிக்கொண்டனர், கதவைச் சாத்தினர். முடிவில், தொலைவில் வரும் பசுக்களைக் கண்டுகூடப் பிக்குகள் என்றெண்ணி ஓட்டம் பிடித்தனர் என்று நூல் கூறுகிறது. பின்னர் அவ்வூருக்கு வந்த, புத்தரின் மூத்த சீடரான மகாகஸ்ஸபர், முன்பு தாராளமாக அன்னமிட்ட ஊர் இப்போது தம்மைக் கண்டு தலைதெறிக்க ஓடுவதேன் என வியந்து விசாரித்ததால்தான் செய்தி புத்தரின் காதுக்கு எட்டியது. பசுக்களின் தரப்பு நூலில் பதிவு செய்யப்படவில்லை.

இதன் விளைவாகப் பிறந்த விதி, சங்காதிசேசம் எனப்படும் குற்றவகையைச் சேர்ந்தது. அதாவது, சங்கத்தை விட்டே நீக்கப்படும் குற்றங்களுக்கு அடுத்த படியில் வைக்கப்படுவதும், சங்கம் கூடித் தண்டம் விதிப்பதும், அது கழிந்தபின் மீண்டும் கூடி மன்னிப்பதுமான குற்றம். குடில் உள்ளளவில் பன்னிரண்டு சாண் நீளமும் ஏழு சாண் அகலமும் தாண்டக் கூடாது. இடத்தை மற்றப் பிக்குகளுக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அவ்விடம் எறும்பு, கறையான், எலி, பாம்பு, தேள், பூரான் ஆகியவற்றுக்கு இருப்பிடமாக இருக்கக் கூடாது. யானை, புலி, சிங்கம், கரடி ஆகியவற்றுக்கும் அப்படியே. வயலை ஒட்டியும், சுடுகாட்டை ஒட்டியும், சிறைச்சாலையை ஒட்டியும், கள்ளுக்கடையை ஒட்டியும், நாற்சந்தியை ஒட்டியும் இருக்கக் கூடாது. குடிலைச் சுற்றி, மாடு பூட்டிய வண்டி ஒன்று வலம் வரவோ, ஏணியைச் சுற்றிலும் சாத்தவோ இடம் விட்டிருக்க வேண்டும். இக்கால நகரங்களில் வீட்டுமனை வாங்கிய எவரும் இவ்விதிகளைப் படித்துப் பெருமூச்சு விடுவர் என்பதில் ஐயமில்லை.

அளவைப் பற்றிய சர்ச்சைதான் இதில் சுவையானது. விதியில் சொல்லப்படும் சாண், ‘சுகதரின் சாண்’, அதாவது புத்தரின் சாண். புத்தரின் கை எத்தனை பெரியது என்பதைப் பொறுத்துக் குடிலின் பரப்பு அமையும். இக்காலத்தார் சிலர் அதை ஏறத்தாழ 25 செ.மீ. எனக் கொண்டு, குடில் 3 மீட்டருக்கு 1.75 மீட்டர் என்கின்றனர். ஒரு பாயும் ஒரு மனிதரும் கொள்ளும் இடம். பழைய உரைகாரரோ, சுகதரின் ஒரு சாண் சாதாரண மனிதரின் மூன்று சாணுக்குச் சமம் என்று எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் அதே குடில் 9 மீட்டருக்கு 5.25 மீட்டராகி, ஒரு சிறு குடும்பம் தாராளமாகக் குடியேறத்தக்கதாய் விரிகிறது. உரைகாரரைப் பக்தி தூண்டியது என்று கொள்வதே முறை. ஆயினும் அவர் தமக்கெனக் குடில் ஏதும் கட்டிக்கொண்டிருந்தாரா என்று அறிய ஆவல் எழுவதைத் தடுக்க இயலவில்லை.

யாரிடமும் எதுவும் கேட்காமல் கட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் தனியரின் வரலாற்றை நோக்க வேண்டும். குயவர் மகனான இப்பிக்கு, இராசகிருகத்தை அடுத்த இசிகிலி மலைச்சரிவில் புற்குடில் அமைத்து மழைக்காலத்தைக் கழித்தார். மழை முடிந்ததும் மற்றவர்கள் குடில்களைப் பிரித்துவிட்டு யாத்திரை கிளம்ப, இவர் மட்டும் அங்கேயே தங்கினார். இவர் பிச்சைக்குப் போன நேரம் பார்த்துப் புல்லும் விறகும் பொறுக்குவோர் குடிலைப் பிரித்துக்கொண்டு போயினர். மறுபடி கட்டினார், மறுபடி பிரித்தனர். மூன்றாம் முறையும் அதுவே நடக்கவே, குலத்தொழில் கைகொடுத்தது: குடில் முழுவதையும் களிமண்ணால் வனைந்து, புல்லும் விறகும் வறட்டியும் அடுக்கிச் சுட்டெடுத்தார். அது தம்பலப்பூச்சியைப் போல் செக்கச்சிவந்து, தட்டினால் மணியோசை எழுப்பும் அழகிய குடிலாக அமைந்தது. அதைக் கண்ட புத்தர், சூளையில் எத்தனை சிற்றுயிர்கள் மாண்டிருக்கும் என்று கடிந்து, உடைத்துவிடுமாறு பணித்தார். தனியர் மனம் தளரவில்லை. நகரைச் செப்பனிட அரசன் சேமித்து வைத்திருந்த மரங்களை, அரசனே தமக்குக் கொடுத்தான் என்று காவலனிடம் சொல்லிப் பெற்றுக்கொண்டார். அரசன் பிம்பிசாரன் அவரை அழைத்து, எப்போது கொடுத்தேன் என்று வினவ, முடிசூட்டிக்கொண்ட நாளில் துறவியரும் அந்தணரும் புல்லும் மரமும் நீரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தீர்களே என்று அவர் நினைவூட்டினார். அரசன் சொன்னது காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் மரத்தை. துறவுக்கோலம் கருதி அரசன் அவரை விட்டுவிட்டான்; சங்கமோ, கொடாததை எடுப்பவர் பிக்குவாக நீடிக்க முடியாது என்ற கடும் விதியை இந்நிகழ்ச்சியை முன்னிட்டே வகுத்தது. தியானத்துக்கு ஒரு கூரை தேடப்போன முயற்சி பௌத்தத் தண்டநீதியின் இரண்டு பெரும் விதிகளுக்கு வழிகோலியது என்பதைச் சமய வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ‘விசுத்திமக்க’ என்னும் தியான நூலை இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். அவர் தியானம் தொடங்குமுன் அறுக்க வேண்டிய தடைகள் பத்து என்கிறார்: உறைவிடம், ஆதரிக்கும் குடும்பம், கிடைக்கும் ஆதாயம், மாணவர் கூட்டம், கட்டடப் பணி, பயணம், உறவினர், நோய், நூல்கள், சித்திகள். பத்தாவது தடை பெரும்பாலோரை இன்னும் தொந்தரவு செய்யும் நிலையை எட்டவில்லை. ஐந்தாவதான கட்டடப் பணியோ எல்லாரையும் எட்டிவிட்டது. தச்சனுக்குப் பொருள் வந்ததா, வரவில்லையா, எது முடிந்தது, எது முடியவில்லை என்று கணக்குப் பார்ப்பவனுக்கு மனம் ஒருமுகப்படாது என்பது அவர் கருத்து. கொஞ்சம் வேலைதான் மிச்சம் என்றால் முடித்துவிட்டு உட்கார். மிகுதி என்றால் பொறுப்பானவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போ என்கிறார். கொஞ்சம்தான் மிச்சம் என்று சொல்லாத கொத்தனாரை அவர் சந்தித்திருந்தாரா என்பது நூலிலிருந்து புலப்படவில்லை.

அவரே தியானத்துக்கு ஒவ்வாத மடங்களின் குற்றங்கள் பதினெட்டையும் தொகுத்துள்ளார். புதிய மடமா, கட்டட வேலை ஓயாது. பழைய மடமா, பழுது பார்க்கும் வேலை ஓயாது. பெரியதாக இருந்தால் பலர் கூடுவர். பூமரங்கள் இருந்தால் பூப்பறிக்கும் பெண்கள் பாடிக்கொண்டு வருவர். பழமரங்கள் இருந்தால் பழம் கேட்பவர் வந்து, கொடாவிட்டால் வைது, வலிய எடுத்துப் போவர். புகழ்பெற்ற மடமோ எல்லாவற்றினும் மோசம். அங்கிருப்பவர் ஞானம் அடைந்தவர் என்று எண்ணி ஊரே வணங்க வந்துவிடும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் எஞ்சும் இடம் மிகச் சிறிதே. உறைவிடம் என்ற முதல் தடையை விளக்கப் புத்தகோசர் கூறும் கதையொன்று பயணப்பை கட்டும் எவரும் படிக்கத் தக்கது. அனுராதபுரத்துத் தூபாராம மடத்தில் நெடுங்காலம் வாழ்ந்த தேரரை, அதாவது மூத்த பிக்குவைப் பார்க்க வெளியூரிலிருந்து நண்பரான தேரர் வந்தார். தம் இடம் இதைவிட வசதியானது, அங்கே வந்துவிடுங்கள் என்று பேச்சுவாக்கில் அழைத்தார். இருவரும் பிச்சையேற்று நகரை விட்டு வெளியே வந்ததும், தூபாராமத்துத் தேரர் திரும்பிப் போகாமல் நேரே நண்பரின் ஊர்ப் பாதையில் நடக்கத் தொடங்கினார். இத்தனை காலம் இருந்த இடத்தில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லையா என்று வந்தவர் திகைக்க, கட்டிலும் பலகையும் சங்கத்துடையவை, எடுத்து வைத்தாயிற்று, வேறொன்றும் இல்லை என்றார் அவர். வந்தவரோ தம் கைத்தடியும் எண்ணெய்க் குழலும் செருப்புப் பையும் அங்கேயே கிடப்பதைச் சொன்னார். ஒரே நாளில் இவ்வளவு சேர்த்துவிட்டீரா என்று மற்றவர் கேட்டாராம்.

திபெத்திய மரபில் இதே ஏற்பாடு கணிதமாக மாறுகிறது. மனிதன் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது தாந்திரிக மரபு. தில்லைச் சிற்றம்பலத்தின் பொன்னோடுகள் 21,600 என்று சொல்லப்படுவதால் தமிழர்க்கும் இவ்வெண் புதிதன்று. இம்மூச்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 675, ஞான மூச்சு என்று காலசக்கர மரபு கணக்கிடுகிறது. நூறாண்டு வாழ்பவரின் ஞான மூச்சுகளை ஒன்றுசேர்த்தால் 3 ஆண்டும் 3 பட்சமும் வரும். இதுவே மூன்றாண்டு வாசத்துக்குக் கூறப்படும் காரணம். நடைமுறையில் இது 3 ஆண்டு, 3 மாதம், 3 நாள் என்று நீண்டுள்ளது. வாழ்வில் உருப்படியாக விடும் மூச்சு முப்பத்திரண்டில் ஒன்றுதான் என்ற மதிப்பீட்டை, அலுவலகங்களை அறிந்தவர் எவரும் மறுக்க மாட்டார்.

இவ்வாசத்துக்கு முன் ‘ங்கோன்ட்ரோ’ எனப்படும் பூர்வாங்கப் பயிற்சிகளை முடிக்க வேண்டும்: நெடுஞ்சாண்கிடையாக ஓர் இலட்சம் வணக்கம், நூறெழுத்து மந்திரம் ஓர் இலட்சம், மண்டலக் காணிக்கை ஓர் இலட்சம், குருயோகம் ஓர் இலட்சம். மனம் சிதறிய தருணங்களையும் எண்ணிக்கைப் பிழைகளையும் ஈடுகட்டப் பலர் ஒவ்வொன்றையும் 1,11,111 ஆக்குவர். காய்கறிக்காரர் இறுதியில் அள்ளிப் போடும் கொசுறு இங்கே பதினோராயிரத்துக்கு மேல். நாளொன்றுக்கு ஆயிரம் வணக்கம் என்றாலும் முதல் பயிற்சிக்கே நான்கு மாதம் நெருங்கிவிடும் என்பதால், முழங்காலுக்குப் பஞ்சுறை, உள்ளங்கைக்கு வழுக்குத் துணி, உடல் சறுக்க வழவழப்பான பலகை ஆகியவற்றில் எது சிறந்தது என்ற ஆராய்ச்சி பயில்வோரிடையே, ஆணவத்தை ஒழிப்பதைவிடக் கூடுதல் ஈடுபாட்டோடு நடப்பது உண்டு.

மேலைநாட்டவர்க்கென முதல் மூன்றாண்டு வாசம் திபெத்திய ஆசிரியர் காலு ரின்போச்சேயின் வழிகாட்டலில் பிரான்சில் 1976இல் தொடங்கியது. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காடு மலைகளில் தனிக்குடில்கள் எழுந்தன. அவற்றோடு பட்டியல்களும் எழுந்தன. ஏறத்தாழ 1,190 நாளுக்கு, நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் அரிசி மட்டுமே 476 கிலோ. மூன்று குளிர்காலத்துக்கு விறகு. அதுவும் ஓராண்டாவது காய்ந்த விறகு, ஆகவே கொட்டகை குடிலுக்கும் முன்பே எழ வேண்டும். தரைக்கு அடியில் பனி உறையாத ஆழத்தில் தண்ணீர்க் குழாய்; நகராட்சி அனுமதி; புகைபோக்கி; நீரில்லாக் கழிப்பிடம். மரக்குடில் என்றால் எலி வரும். கொல்லாமை முதல் சீலம் என்பதால் எலியை உயிரோடு பிடிக்கும் பொறி வைத்து, விடியலில் அதைச் சுமந்துகொண்டு பனியில் நடந்து தொலைவில் விட்டுவர வேண்டும். தியானிப்பவர் திரும்பி வருமுன் எலி திரும்பியிருக்கும். இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில், மைத்திரி பாவனை என்னும் நட்புணர்வுத் தியானத்துக்கு இதைவிட நேரான சோதனை எந்த நூலிலும் இல்லை.

ஏற்பாடு எதுவரை உதவும் என்பதற்குத் திபெத்திய மரபுப் பெண் துறவி டென்சின் பால்மோவின் வாழ்க்கை சான்று. மீன் வியாபாரியின் மகளாக 1943இல் பிறந்து இலண்டனில் வளர்ந்த இவர், 1976 முதல் 1988 வரை பன்னிரண்டு ஆண்டு இமயத்தின் லாகுல் பகுதியில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், ஒரு பாறைக்குகையைச் சுவரெழுப்பி அறையாக்கி வாழ்ந்தார். இரவிலும் கால் நீட்டிப் படுக்காமல், இரண்டரையடிச் சதுரமான மரப்பெட்டிக்குள் அமர்ந்தபடியே உறங்கினார். குகையின் கதவு உள்நோக்கித் திறக்கும்படி அமைந்திருந்ததால்தான், பெரும்பனிப்பொழிவு ஒன்று குகையை முழுதும் மூடியபோது அவரால் கதவைத் திறந்து, பாத்திர மூடியொன்றால் பனியைத் தோண்டி வெளியேற முடிந்தது. பருப்பும் அரிசியும் வந்துசேராத காலத்தையும் தாங்கினார். கடைசி மூன்றாண்டு யாரையும் காணாத கடும் வாசம். அதைக் கலைத்தது பனியும் பசியும் அல்ல, விசா காலாவதியாகிவிட்டது என்ற தாக்கீதோடு கதவைத் தட்டிய காவலர். மலையிறங்கிய பால்மோ பின்னர் பெண் துறவியர்க்கென இமாசலத்தில் ஒரு மடம் அமைக்க முனைந்து, நிதி திரட்டப் பல ஆண்டுகள் நாடு நாடாகப் பயணம் செய்தார். கட்டடப் பணி புத்தகோசரின் பட்டியலில் ஐந்தாவது தடை என்பதையும், பயணம் ஆறாவது என்பதையும் அவர் அறியாதவராக இருக்க வாய்ப்பில்லை.