ஒரே ஓனர், துபாய் அவசரம்

நவி மும்பை சான்பாடாவில் ஹார்பர் லைன் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால், பழைய போன் விற்கும் மனீஷ் மார்க்கெட் நடக்கிற தூரம்தான். அவ்வளவு தூரம் போகாமல் போனிலேயே ஆர்டர் செய்தால் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்ற பட்டத்தோடு பெட்டி வீட்டுக்கே வரும். எங்கே வாங்கலாம் என்று ஊரே விவாதிக்கிறது. எங்கே விற்றாலும் பழைய போனின் ஜாதகம் ஒன்றுதான்: ஒரே ஓனர், பெண்கள் வைத்திருந்தது, துபாய் போகிற அவசரம். ஆகவே பார்க்க வேண்டியது கடையை அல்ல, பில்லை. போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி பில் தருகிறவரிடம் வாங்கலாம். அது நடைபாதையாக இருந்தாலும் சரி. போனில் *#06# அழுத்தினால் அந்த எண் 15 இலக்கமாக வரும். KYM என்று அடித்து, அந்த எண்ணோடு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அரசே பதில் சொல்லும். தடுப்புப் பட்டியலில் இருந்தாலோ, போலி என்றாலோ, ‘ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று வந்தாலோ வாங்காதீர்கள் என்பது அரசின் அறிவுரை. பழைய போன் ஏற்கெனவே பயன்பாட்டில் இல்லாமல் எங்கே இருந்ததாம் என்று சிரிக்கலாம். ஆனால் அதே எண்ணில் இன்னொரு போன் ஓடுகிறது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

தெரிந்த பையன், பில் எதற்கு என்பார்கள். தெரிந்தவர் என்றால் எழுதித் தர என்ன தயக்கம்? பில்லோடு விலை கூடுகிறதே என்பது நியாயமான முறையீடு. கூடும் தொகை வாரன்டிக்கும், திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கும். அதைச் சேமித்தவர் புது பேட்டரிக்குக் கட்டுவார். காசு கொடுக்குமுன் பழைய ஓனரின் கூகுள், ஆப்பிள் கணக்கு நீங்கியதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரீசெட் செய்ததும் போன் அவர் பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.