திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வன்தட்டு காணாமற்போதல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

திருகோணமலையை ஆராய்ந்த அறிஞர்கள் கோணேசர் கோயிலை எழுதினார்கள். பிரெட்ரிக் கோட்டையை எழுதினார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டதையும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் சலிக்காமல் எழுதினார்கள். ஆனால் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றப்போகும்போது, நிறுவும் திரை "வட்டு எதுவும் இல்லை" என்று கைவிரிக்கிறதே, அதைப் பற்றி எவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் ஊரில் உள்ளங்கையளவு சாமான் ஒன்று காணாமற்போவது ஆய்வுக்குரியதே.

இத்துறையில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. மூத்தது உப்புக்காற்றுப் பள்ளி. திருத்தும் கடைகளின் மேசைகளில் பிறந்த இப்பள்ளியின் மூலச்சூத்திரம் இது: "கடல்காத்து தம்பி, ஒண்டும் செய்யேலாது. புதுசொண்டு போடுவம்." எந்த நோய்க்கும் பொருந்துவதும், எவராலும் மறுக்க முடியாததும், ஒரு விற்பனையில் முடிவதும் இக்கோட்பாட்டின் சிறப்புகள். ஆயினும் இதை முழுதாக ஒதுக்குவது நேர்மையாகாது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 199ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் பழுது பெரும்பாலும் வயரிலோ அது செருகும் இடத்திலோதான். தட்டு சுகமாக இருக்கிறது. உப்பு பிடித்த தொடுமுனைதான் இடையில் செய்தியைச் சிதைக்கிறது. வயரை ஒருக்கா கழற்றிப் பூட்டினால், அல்லது மாற்றினால், தீரும். மாறாக 5ஆம் வரியும் 197ஆம் வரியும் ஏறினால் தட்டே தேய்கிறது. கடைக்காரர் தற்செயலாக உண்மை பேசியவராகிறார். (ஊருக்குள் உலாவும் மான்கள் வயரைக் கடித்திருக்கலாம் என்ற கருதுகோள் தடயமின்மையால் கைவிடப்பட்டது.)

இரண்டாவது, ட்ரைவர் பள்ளி. உறுப்பினர்கள் இளைஞர்கள், விண்டோஸில் வளர்ந்தவர்கள். அங்கே எதற்கும் ஒரு ட்ரைவர் சீடி தேட வேண்டியிருந்ததால், லினக்ஸிலும் அதையே தேடி இரவு முழுக்க விழித்திருப்பார்கள். வட்டுக்குரிய ட்ரைவர்கள் அநேகமாக எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலோடு கூடவே வருகின்றன என்று சொன்னால் சந்தேகத்துடன் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சார்பாக ஒரு வரலாற்றுச் சான்று உண்டு: 1991 ஆகஸ்ட் 25இல் தம் புதிய இயங்குதளத்தை அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ், தம்மிடம் இருப்பது ஏடி வகை வன்தட்டு மட்டுமே என்பதால் வேறெதையும் அது ஒருநாளும் தாங்காது போலும் என்றுதான் எழுதினார். அன்றே இப்பள்ளி தோன்றியிருந்தால் வாதம் வென்றிருக்கும்.

அடுத்த சான்று 2007ஐ ஒட்டியது. பழைய ஐடிஈ ட்ரைவரின் இடத்தை லிப்ஏடிஏ என்ற புதியது பிடித்தது. அதுவரை எச்டிஏ என்று அழைக்கப்பட்ட தட்டு எஸ்டிஏ ஆனது. எந்தத் தட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரையே எழுதிவைத்திருந்த கணினிகள் எழும்ப மறுத்தன. ஆள் வாசலில் நிற்கிறார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அலுவலக வரிசைகளில் நின்று பழகிய நம்மவர்க்கு இதை விளக்கவே வேண்டாம். தீர்வும் நமக்குத் தெரிந்ததே: பெயரை விட்டுவிட்டு அட்டை இலக்கத்தைப் பார்ப்பது. லினக்ஸில் அந்த இலக்கத்துக்கு யூயூஐடி என்று பெயர். இரண்டு தட்டு பூட்டிய கணினியில் எஸ்டிஏவும் எஸ்டிபியும் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் இடம் மாறிக்கொள்ளலாம் என்பதால் இலக்கமே பாதுகாப்பு. பழைய ஐடிஈ ட்ரைவர் 2021இல் 5.14ஆம் கெர்னலிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது.

மூன்றாவது, பயாஸ் பள்ளி. உறுப்பினர் குறைவு, வெற்றி அதிகம். இன்டெல் சிப் கொண்ட புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு ரெய்ட் அல்லது விஎம்டி என்ற திரைக்குப் பின்னால் இருக்கும்படி பயாஸில் அமைத்து அனுப்பியிருப்பார்கள். லினக்ஸ் நிறுவி பல வேளைகளில் அதைக் காணாது. ஏஎச்சிஐ என்று மாற்றினால் உடனே தெரியும். அவசரக்காரர்களுக்கு எச்சரிக்கை: ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால், மாற்றியதும் முதல் தடவை அதைச் சேஃப் மோடில் எழுப்ப வேண்டும். தவறினால் லினக்ஸ் வந்துவிடும், விண்டோஸ் எழும்பாது, வீட்டில் அக்காவின் கல்யாணப் படங்களுக்குப் பதில் சொல்ல நேரும்.

விண்டோஸின் வேகத் தொடக்கத்தால் அதன் வட்டுப் பகுதி அரைத்தூக்கத்தில் கிடந்து, லினக்ஸில் எழுத மறுப்பது தனி நோய். வேகத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு விண்டோஸை அணைத்தால் போதும்; பள்ளி தேவையில்லை.

மூன்று பள்ளியினரும் திறந்து பார்க்காத ஆவணம் ஒன்று இருக்கிறது என்பதே இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. டிமெசேஜ் என்று ஊரில் சொல்லும் கட்டளையைக் கொடுத்தால், எழும்பிய கணத்திலிருந்து நடந்ததையெல்லாம் கெர்னல் வினாடிக் கணக்கோடு ஒப்புவிக்கும். அதில் சாட்டா இணைப்பு கீழே என்று இருந்தால் மறுமுனையிலிருந்து சத்தமே வரவில்லை என்று பொருள். அதை எழுதியதும் அந்தக் குற்றஞ்சாட்டப்பட்ட ட்ரைவர்தான். வழக்கில் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்த ஒரே ஆளையே ஊர் சந்தேகிப்பது சட்டத்துறையினர் ஆராயவேண்டிய விடயம்.

கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகேயை ராகுகாலத்தில் ஓட்டலாமா என்றொரு கேள்வியும் கள ஆய்வில் எழுந்தது. பாவனையில் இருக்கும் பகுதியில் அதை எந்தக் காலத்திலும் ஓட்டக்கூடாது. 197ஆம் வரி ஏறியிருந்தால், நல்லநேரம் பார்ப்பதற்கு முன் டிடிரெஸ்கியூ கொண்டு வேறொரு தட்டில் முழுப் பிரதி எடுத்துவிட வேண்டும். எஃப்எஸ்சிகே அந்தப் பிரதியில் ஓடட்டும்.